பால்மரக்காடும் செம்பனைக்காடும்: மாதிரி ரயில் லேஅவுட்டுக்கு மரம் செய்வோர் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் போன்ற ஓர் ஊரை மேசைமேல் கட்டுகிறவர்களுக்கு எழுதப்பட்டது இது. அளவுகள் எல்லாம் எச்.ஓ. (HO) எனும் மாதிரி ரயில் அளவுக்கு, அதாவது 1:87க்கு. ‘என்’ (N) எனும் சிறிய அளவில், அதாவது 1:160இல் கட்டுவோர் ஒவ்வொரு அளவையும் 0.54ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கடையில் விற்கும் மரங்களை வாங்கி நட்டால் போதாதா?

மலைச்சரிவுக்கும் பின்புறக் காட்டுக்கும் போதும். தோட்டத்துக்குப் போதாது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய மரங்கள். பழுப்பு அடிமரம், உருண்டைத் தலை, பளிச்சென்ற பச்சை. பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், அடிமரம் சாம்பல் நிறம். செம்பனை எனும் எண்ணெய்ப்பனையின் அடிமரம் மட்டையடிகள் மூடிய கரடுமுரடான தூண்.

அதைவிட முக்கியம் வரிசை. ரயிலில் போகும்போது தோட்டம் வரிசைகளாகத்தான் கண்ணில் படுகிறது: ஒரு கணம் நேர்ச்சந்து திறக்கும், அடுத்த கணம் மூடும். வரிசையைச் சரியாக நட்டால் சுமாரான மரமும் தோட்டமாகத் தெரியும். வரிசை தப்பினால் இலைக்கு இலை செதுக்கிய மரமும் வெறும் தோப்புதான். வரிசை, அடிமரம், தலையின் வெளிக்கோடு, கடைசியில் இலை. இந்த முறையிலேயே நேரத்தைச் செலவிடுங்கள்.

எந்தக் காலத்துக்கு எந்த மரம்?

தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை 1885இல் திறக்கப்பட்டபோது இந்நாட்டில் ரப்பர்த் தோட்டங்கள் இல்லை. 1877இல் வந்த கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டிருந்தன, அவ்வளவுதான். ஆகவே அந்தக் காலத்து நீராவி ரயிலுக்குப் பக்கத்தில் பால்மர வரிசை வைக்காதீர்கள். காடு, ஈயச்சுரங்க வெளி, லாலாங் புல், தென்னை, மூங்கில் பொருந்தும். 1910 முதல் 1950கள் வரை பேராக்கின் தோட்டம் என்றால் பால்மரம். செம்பனையின் முதல் வணிகத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர்ப் பக்கம் தெனமாரத்தில் தொடங்கியது. ஆனால் ஊருக்கு ஊர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டது 1960களுக்குப் பிறகு. டீசல் இன்ஜின் ஓடும் லேஅவுட்டில் ஒரு பக்கம் முதிர்ந்த பால்மரம், மறுபக்கம் இடுப்பளவு இளஞ்செம்பனை என்று வைத்தால் அந்தக் காலமாற்றத்தையே காட்டிவிடலாம்.

இன்றைய மின்சார ரயிலை ஓட்டுவோர் பாதைக்கு அருகில் மரமே வைக்கக்கூடாது. மின்கம்பிக்காக இருபுறமும் வெட்டித் திறந்த வெளி, வேலி, அதற்கப்பால்தான் தோட்டம்.

கோலகங்சாரில் உள்ள பழைய பால்மரத்தைப் பார்த்து அளவெடுக்கலாமா?

வேண்டாம். அது தனியே வளர்ந்த முதிய மரம். தோட்டத்து மரம் நெருக்கமாக நடப்பட்டு, வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக, ஒடுங்கிய தலையுடன் வளரும். ஒட்டுக்கட்டிய மரத்தின் தண்டு மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே பருமன், அடியில் மட்டும் ஒட்டு இணைந்த இடத்தில் புடைப்பு. விதையில் வளர்ந்த பழைய மரங்களின் தண்டு அடி பருத்து மேலே ஒடுங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தோட்டத்தைக் காட்டுவோர் இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

மரம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

20 மீட்டர் பால்மரம் எச்.ஓ.வில் 230 மி.மீ. அதை அப்படியே வைத்தால் ஸ்டேஷனும் லயமும் (தொழிலாளர் வரிசைவீடுகள்) குள்ளமாகிவிடும். முன்வரிசைக்கு 170 முதல் 190 மி.மீ. போதும். ஆனால் கவை பிரியும் உயரத்தையும் தண்டின் பருமனையும் சுருக்காதீர்கள்: தரையிலிருந்து 30–35 மி.மீ.இல் கவை, தண்டு 3 மி.மீ. சுருக்கத்தை எல்லாம் தலையில் வையுங்கள். அடியில் ஆள் பொம்மை நிற்கும்போது கண் அளவெடுப்பது தண்டைத்தான்.

12 மீட்டர் முதிர்ந்த செம்பனை 138 மி.மீ.; 6 மீட்டர் மரம் 69 மி.மீ. இவற்றைச் சுருக்கத் தேவையில்லை.

கம்பியில் பால்மரம் செய்வது எப்படி?

வீட்டு வயரிங்குக்கான 2.5 சதுர மி.மீ. கேபிளில் ஏழிழை வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வோர் இழையும் 0.67 மி.மீ. ஏழும் சேர்ந்து முறுக்கியபடி 2 மி.மீ. பருமன், அதன்மேல் பட்டைப் பூச்சு ஏறினால் நமக்கு வேண்டிய 3 மி.மீ. வந்துவிடும். ஒற்றைக்கம்பி வகை இதற்கு உதவாது.

ஒரு மரத்துக்கு 26 செ.மீ. வெட்டி உறையை உரியுங்கள். கீழே 25 மி.மீ. தரையில் செருக. அதற்கு மேல் 35 மி.மீ. வரை முறுக்கை இறுக்குங்கள். அங்கே 3, 2, 2 இழைகளாகப் பிரியுங்கள். மூவிழைக் கிளை நடுவே மேல்நோக்கிப் போகட்டும். மற்ற இரண்டும் கூர்ங்கோணத்தில் ஏறட்டும். பால்மரக் கிளை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. மேலே போகப்போக ஒவ்வோர் இழையாகப் பிரியுங்கள். சிறுகொம்புகளுக்கு 0.75 சதுர மி.மீ. நெகிழ்வயரின் 0.2 மி.மீ. நுண்ணிழைகளை ஐந்தாறாகச் சேர்த்து, கிளையில் மூன்று சுற்று சுற்றி, நுனியை விரித்துவிடுங்கள். ஒரு மரத்துக்கு இப்படி எட்டு முதல் பத்துக் கொத்து வேண்டும்.

செம்புக் கம்பிமேல் வெள்ளைப்பசையை நேராகப் பூசினால் பச்சைக் களிம்பு ஏறி, சில மாதத்தில் வண்ணத்துக்கு மேலே தெரியும். முதலில் உலோக பிரைமர் ஸ்பிரே அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். கட்டடவேலைக் கட்டுக்கம்பியில் செய்வோருக்கும் இதே விதி; அது துருவேறிப் பழுப்புக் கறையாகக் கசியும்.

பட்டைப் பூச்சு: வெள்ளைப்பசை 2 பங்கு, சுவர் பட்டித்தூள் 1 பங்கு, தயிர்ப் பதத்துக்கு நீர். மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது. ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். முதல் பூச்சில் தூரிகையைக் குறுக்கே இழுத்து முறுக்கின் பள்ளங்களை நிரப்புங்கள். கடைசிப் பூச்சில் மேலிருந்து கீழாக இழுங்கள்.

பூசியும் முறுக்கு திருகாணிபோல் தெரிகிறதே?

பூச்சு நீர்த்துப்போயிருக்கிறது, அல்லது பள்ளம் நிரம்பும் முன்பே நெடுக்காக இழுத்திருக்கிறீர்கள். தண்டுப் பகுதியில் மட்டும் மெல்லிய காகித டேப்பை ஒரு சுற்று ஒட்டி, மேலே மீண்டும் பூசுங்கள். பால்மரப் பட்டை வழுவழுப்பானது. அதில் திருகு தெரிந்தால் மரம் பொய்யாகிவிடும். அரசமரத்தில் சிறிது தெரிந்தால் பரவாயில்லை.

வெட்டுப்பட்டையையும், பால் பிடிக்கும் ‘மங்கு’ எனும் கிண்ணத்தையும் எப்படிக் காட்டுவது?

தண்டை நடுத்தரச் சாம்பல் அடித்து, உலர்தூரிகையால் வெளிர்சாம்பலைத் தொட்டு, அங்கங்கே பாசிபடர்ந்த பசும்வெள்ளைத் திட்டு வையுங்கள். அதன்பின் தரையிலிருந்து 8 முதல் 17 மி.மீ. வரை, தண்டின் பாதிச் சுற்றளவுக்கு, சற்று வெளிர்ந்த பழுப்பில் ஒரு பட்டை. பால் எடுத்து மீண்டும் வளர்ந்த பட்டை அது. அதன் கீழ் விளிம்பில் ஒரு சாய்கோடு, பழுத்த வெண்ணிறத்தில், மிக மெல்லியதாக.

சாய்வின் திசை தவறக்கூடாது. மரத்துக்கு எதிரே நின்றால் கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் இறங்க வேண்டும், ஏறத்தாழ 30 பாகை. பட்டைக்குள் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன; இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிகக் குழாய்களை அறுக்கும் என்பதே காரணம். தலைகீழாக வரைந்த கோட்டைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் பார்த்த உடனே சொல்லிவிடுவார். கோட்டின் கீழ்முனையிலிருந்து 1 மி.மீ. செங்குத்துக் கோடு, அதன் அடியில் மங்கு.

மங்கின் அளவு 1.2 மி.மீ.தான். மிகச்சிறிய பாசிமணியைப் பாதியாகத் தேய்த்து, துளை மேலே பார்க்க ஒட்டி, வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளைப் புள்ளி. முன்னிரண்டு வரிசைக்கு மட்டும் செய்யுங்கள். ஒரே வரிசை மரங்களின் வெட்டுப்பட்டைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் பார்க்கும். அந்தப் பக்கத்தைப் பார்வையாளரை நோக்கி வையுங்கள்.

பால்மர இலைக்கு என்ன பயன்படுத்துவது? நிறம்?

தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சை எடுத்து, மறுபக்கம் தெரியும் அளவுக்கு இழுத்து விரியுங்கள். பெரும்பாலோர் போதிய அளவு இழுப்பதில்லை. அதனால்தான் மரம் மேகத்தைக் குச்சியில் செருகியதுபோல் நிற்கிறது. ஒரு மரத்துக்குக் கைப்பிடிப் பஞ்சில் கால்வாசி போதும். அடர்பச்சை ஸ்பிரே அடித்து, காய்ந்தபின் சிறுசிறு துண்டாகக் கொம்புகளில் மாட்டுங்கள். துண்டுகளுக்கிடையே வானம் தெரிய வேண்டும்.

பிறகு ஸ்பஞ்சுத்தூள். மெத்தை ஸ்பஞ்சை 1 செ.மீ. கட்டிகளாக வெட்டி, நிறைய நீர்விட்டு, சமையலுக்கு இனிப் பயன்படுத்தாத பிளெண்டரில் அரை நிமிடம் அரையுங்கள். பிழிந்து, ஒரு லிட்டர் தூளுக்கு 2 மேசைக்கரண்டி அக்ரிலிக் வண்ணத்தை 100 மி.லி. நீரில் கரைத்துப் பிசைந்து, நிழலில் உலர்த்துங்கள். தேநீர் வடிகட்டியில் சலித்தால் இறங்குவதே இலைக்கு ஏற்ற பருமன். ஒட்ட: வெள்ளைப்பசை 1, நீர் 3, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் பசைநீர் முத்துமுத்தாக உருண்டு நிற்கும். தலைமுடி ஸ்பிரேயை நம்பாதீர்கள். நம் ஈரக்காற்றில் அது பிசுபிசுத்து, தூள் உதிரும்.

நிறத்தில் ஒரு வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பால்மரம் இலையுதிர்க்கும். காடு முழுவதும் ஆரஞ்சும் செம்பழுப்புமாக மாறி, பின் வெறுங்கொம்பாகி, அடுத்துச் செம்புநிறத் தளிர் விடும். அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுத்தால் பஞ்சு வேலை பாதியாகும், கம்பி வேலையும் வெளியே தெரியும். தரையில் காய்ந்த இலைச்சருகு தடிமனாக வேண்டும். மரத்துக்கு மரம் உதிர்வு சற்று முன்பின் இருக்கும். ஆறு மரத்துக்கு ஒன்று இன்னும் பச்சையாக நிற்கட்டும்.

செம்பனைக்கு அடிமரம் எப்படி?

இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சிதான் உள்தண்டு, 3 மி.மீ. காகித டேப் சுற்றி 5 மி.மீ. ஆக்குங்கள். மணிலா அட்டையில் 6 மி.மீ. அகலப் பட்டை வெட்டி, ஒரு விளிம்பில் 4 மி.மீ. ஆழத்துக்கு முக்கோணப் பற்கள் வெட்டுங்கள். பற்கள் மேல்நோக்க, அடியிலிருந்து சுருளாக, சுற்றுக்குச் சுற்று 2 மி.மீ. இடைவெளியில் ஏற்றி ஒட்டுங்கள். பற்களை நகத்தால் சற்று வெளியே நெம்பினால் வெட்டிய மட்டையடிகள் கிடைத்துவிடும். மொத்தப் பருமன் 8–9 மி.மீ. வரும். கரும்பழுப்பு அடித்து, பற்களின் நுனியில் வெளிர்சாம்பல். இடுக்குகளில் ஸ்பஞ்சுத்தூள் ஒட்டிப் பெரணி காட்டுங்கள். மிக முதிர்ந்த மரத்தில் மட்டையடிகள் உதிர்ந்திருக்கும். அதற்குத் தண்டின் கீழ்ப்பகுதியில் பற்களை நறுக்கிவிடுங்கள்.

மட்டைக்குக் காகிதமா, ராஃபியா கயிறா?

இரண்டும் சரி. காகிதம் வடிவத்தைத் துல்லியமாகத் தரும். ராஃபியா செம்பனைக்கே உரிய கலைந்த தோற்றத்தைத் தரும்.

காகிதத்துக்கு: 80 கிராம் தாளின் இருபக்கமும் முதலில் அக்ரிலிக் அடித்து உலர்த்துங்கள். வெறுந்தாள் ஈரத்தில் தொய்ந்துவிடும். 80 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலத்துக்கு வெட்டி நீளவாக்கில் மடித்து, நுனியை நோக்கிச் சாய்வாக, 1 மி.மீ.க்கு ஒரு வெட்டு. அடியில் 12 மி.மீ.க்கு இலை இல்லாமல் காம்பு மட்டும் விடுங்கள். நடுவே 0.3 மி.மீ. கம்பி ஒட்டி வளையுங்கள். ஓர் இலையை மேலும் அடுத்ததைக் கீழும் திருப்பிவிடுங்கள். செம்பனை ஓலையின் இலைகள் ஒரே தளத்தில் இராமல் பல கோணங்களில் எழுவதே அதன் அடையாளம். தட்டையாக விட்டால் தென்னை ஆகிவிடும்.

ராஃபியாவுக்கு: கயிற்றை ஊசியால் கிழித்து நாராக்கி 25 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். இரண்டு 0.3 மி.மீ. கம்பிகளுக்கிடையே குறுக்கே பரப்பி, ஒரு முனையைப் பிடித்து மறுமுனையைக் கைத்துரப்பணத்தால் முறுக்குங்கள். பிறகு இரு பக்கமும் வடிவாக நறுக்குங்கள். இந்த நார் பாலிப்ரோப்பிலீன். வெள்ளைப்பசை இதில் பிடிக்காது, வண்ணமும் உரிந்துவரும். முறுக்கின் பிடியே நிறுத்த வேண்டும், ஆகவே தளர்வாக முறுக்கினால் எல்லாம் உதிரும். கடும்பச்சைக் கயிற்றையே தேர்ந்து வாங்குங்கள். சன்னலோர வெயிலில் வைத்தால் நார் நொறுங்கிப்போகும்.

முழு மரத்துக்கு 36 மட்டை. கீழடுக்கு 80 மி.மீ., வளைந்து தொங்க, நடுவில் 60, மேலே 40, நிமிர்ந்து, நட்டநடுவே விரியாத குருத்து ஒன்று. ஒவ்வோர் அடுக்கையும் முந்தைய அடுக்கின் இடைவெளியில் வரும்படி நகர்த்துங்கள். மட்டையிடுக்கில் 5 மி.மீ. களிமண் குலை மூன்று: கருஞ்சிவப்பு, ஒன்றுக்கு மட்டும் ஆரஞ்சு முகம்.

எத்தனை மரம் வேண்டும், எந்த இடைவெளியில்?

செம்பனை 9 மீட்டர் முக்கோண நடவு. ஹெக்டேருக்கு ஏறக்குறைய 143 மரம். எச்.ஓ.வில் பக்கம் 103 மி.மீ., வரிசைக்கு வரிசை 90 மி.மீ. 103 மி.மீ. சமபக்க முக்கோணம் ஒன்றை அட்டையில் வெட்டி, முனைகளில் துளையிட்டு, அதை நகர்த்திக்கொண்டே புள்ளி குத்துங்கள். கண்ணளவில் நட்டால் நான்காவது வரிசையில் கோணிவிடும். 60க்கு 40 செ.மீ. பலகைக்கு 26 மரம் வரும், அதாவது 900க்கு மேல் மட்டை. முன்னிரண்டு வரிசைக்கு மட்டும் 36 வைத்து, பின்வரிசைகளுக்கு 16 வையுங்கள்; நெருங்கிய ஓலைகளுக்குள் வித்தியாசம் தெரியாது.

பால்மரத்துக்கு 20க்கு 10 அடி நடவை எடுத்தால் 70 மி.மீ., 35 மி.மீ. அதே பலகைக்கு 90க்கு மேல் மரம். அத்தனையும் கம்பியில் செய்ய வேண்டியதில்லை. முன்னிரண்டு வரிசை கம்பி மரம். பின்னால் சாம்பல் அடித்த சத்தே குச்சிகள், அவற்றின் மேல் ஒரே விரிப்பாகப் பஞ்சும் தூளும். பால்மரக்காட்டுக்குள் தலைகள் கூடி மூடியிருப்பதால் இந்த ஏற்பாடு கண்ணுக்கு உறுத்தாது.

தரையில் என்ன இருக்க வேண்டும்?

செம்பனையில் ஒரு சந்து நடைபாதை, அடுத்த சந்து வெட்டிய மட்டைகளின் குவியல், மாறிமாறி. வளைந்துபோன, கெட்டுப்போன மட்டைகளைப் பழுப்படித்து இங்கே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் 20–25 மி.மீ. ஆரத்துக்குப் புல் இல்லாத வட்டம். மண் செம்மண் பழுப்பு. ரயில்பாதை ஓரத்துக்கு லாலாங்: 6 மி.மீ. வைக்கோல்நிற நார், கொத்துக்கொத்தாக.

ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும்?

ஸ்டேஷன் முன்னே ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம். உயரத்தைவிட அகலம் கூடுதல், குடைபோல் தட்டையான தலை. உண்மை அளவில் 30 மீட்டர் விரிவு 345 மி.மீ. ஆகும், மூன்றில் இரண்டு பங்காக 230 அகலம், 150 உயரம் போதும். 60 இழை 0.5 மி.மீ. கம்பி வேண்டும், தரையிலிருந்து 30 மி.மீ.க்குள்ளேயே பிரிந்துவிடட்டும். தைப்பிங் ஏரிப் பூங்காவில் கிளைகள் எவ்வளவு தாழ்ந்து நீள்கின்றன என்று ஒருமுறை பார்த்தால் கம்பியை எப்படி வளைப்பது என்று கைக்குத் தெரிந்துவிடும். பெருங்கிளைகளில் நாலைந்து பெரணிக் கொத்து. இலையை மேற்புறத்தில் மட்டும் ஒட்டுங்கள், அடிப்புறம் கிளைகள் வெறுமையாகத் தெரிய வேண்டும்.

தோட்டத்துக் கோயிலுக்கு அரசமரம் அல்லது வேம்பு. அரசுக்குச் சுற்றிலும் மேடை கட்டி, அடிமரத்தில் மஞ்சள்துணியாக 3 மி.மீ. டிஷ்யூ காகிதம்.

காய்ந்த துளசிக் கொம்பு, வேர் இவற்றை வைக்கலாமா?

சிறுமரத்துக்கும் புதருக்கும் அருமையானவை. ஆனால் இரண்டு ஆபத்து: பூச்சி, பூஞ்சணம். உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, நீர்த்த மேட் வார்னிஷில் முக்கி எடுங்கள். குளிர்நாட்டுக் குறிப்புகள் கிளிசரினில் ஊறவைக்கச் சொல்லும். இங்கே அது காற்றின் ஈரத்தை இழுத்து, வியர்த்துச் சொட்டும். நிஜ இலையைப் பொடித்துத் தூவுவதும் வேண்டாம், நிறம் நிற்காது. கோழி இறகு மட்டைக்கு அழகுதான், ஆனால் பூச்சி அதைத் தேடி வரும்.

பூஞ்சணம் வராமல் பசையில் போராக்ஸ் கலக்கலாமா?

கலக்கவே கூடாது. வெள்ளைப்பசையோடு போராக்ஸ் சேர்ந்தால் கூழாக உறைந்து எதிலும் ஒட்டாது. மரத்தூளைத் தவிர்த்து ஸ்பஞ்சும் பாலியஸ்டரும் பயன்படுத்தினாலே பூஞ்சணம் வெகுவாகக் குறையும். ஒவ்வொரு பூச்சையும் விசிறிக் காற்றில் முழுக்க உலரவிடுங்கள்.

வார்னிஷ் அடித்ததும் மரம் வெளுத்துவிட்டது. ஏன்?

மழைநேர ஈரக்காற்றில் மேட் ஸ்பிரே அடித்தால் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து வெள்ளைப்படலம் ஆகும். வெயில் ஏறிய முற்பகலில் அடியுங்கள். வெளுத்ததன் மேல் காய்ந்த நாளில் மெல்லியதாக ஒருமுறை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நட்ட மரத்தைப் பிடுங்க வேண்டி வந்தால்?

நேரடியாக ஒட்டாதீர்கள். பலகையில் உறிஞ்சுகுழல் துண்டுகளைப் புதைத்து மரத்தை அதில் செருகுங்கள். தண்டவாளம் துடைக்கவும் தூசி தட்டவும் கழற்ற முடியும். வளைவுகளில் நடுவதற்கு முன் உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: வளைவின் உட்புறத்தில் பெட்டியின் நடுப்பகுதியும், வெளிப்புறத்தில் அதன் மூலைகளும் பிதுங்கும். அந்தப் பிதுக்கத்துக்கு மேல் 10 மி.மீ. விட்டு முதல் மரத்தை நடுங்கள். செம்பனையானால் தண்டிலிருந்து அளக்காமல் கீழ்மட்டை நுனியிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.